ஹய்யின் இரண்டு பிறப்புக் கதைகள்

1169-ம் வருஷத்தை ஒட்டிய ஒரு நாள். மராக்கேஷ் அரண்மனையில் ஓர் அறை. அறையில் மூன்றே பேர். மொராக்கோவையும் ஸ்பெயினின் தென்பகுதியையும் ஆண்ட அல்மொஹாத் வம்சத்து அரசர் அபூ யஃகூப் யூசுப் ஒருவர். அவருடைய அரண்மனை வைத்தியர் இப்னு துபைல் இன்னொருவர். மூன்றாமவரை அன்றைக்கு அழைத்து வந்தவரே இப்னு துபைல்தான். கார்டோவா நகரத்துப் பெரிய நீதிபதிக் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். பெயர் இப்னு ருஷ்து. அரசர் முதலில் அவர் பெயரைக் கேட்டார், தகப்பனார் பெயரைக் கேட்டார், வம்சத்தை விசாரித்தார். அடுத்த வார்த்தையாக, ஆகாயத்தைப் பற்றித் தத்துவவாதிகளின் அபிப்பிராயம் என்ன, அது என்றைக்கும் உள்ளதா, ஒரு காலத்தில் உண்டானதா என்று கேட்டுவிட்டார்.

இப்னு ருஷ்துக்கு வெட்கமும் பயமும் ஒருங்கே வந்துவிட்டன. தாம் தத்துவம் படித்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். பொய்தான். அரசர் அதைப் புரிந்துகொண்டார். கோபிக்கவில்லை. இப்னு துபைலின் பக்கம் திரும்பிக்கொண்டு, தாமே அந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். அரிஸ்டாட்டில் சொன்னது என்ன, பிளேட்டோ சொன்னது என்ன, முஸ்லிம் அறிஞர்கள் அவர்களை எந்த இடத்தில் மறுத்தார்கள் என்று விஸ்தாரமாகப் பேசினார். அதைக் கேட்கக் கேட்க இப்னு ருஷ்துக்கு உயிர் திரும்பி வந்தது. அவரும் வாயைத் திறந்தார். விடை பெற்றுக்கொண்டு போகும்போது அவருக்குப் பணமும், மரியாதை அங்கியும், சவாரி செய்ய ஒரு மிருகமும் பரிசாகக் கிடைத்தன. இப்னு ருஷ்தின் மாணவர் ஒருவர் வாயிலாகக் கேட்டதாக, மர்ராகுஷி என்ற சரித்திராசிரியர் 1224-ல் எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

கதை எழுதுகிற எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்த பாத்திரம், கேள்வி கேட்ட அரசருமல்ல, பயந்துபோன அறிஞருமல்ல. நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்த வைத்தியர்தான். ஏனென்றால் அவர் ஒரு நாவல் எழுதியவர். அரபு மொழியில் அதை நாவல் என்று யாரும் அன்று சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. அந்த நாவலின் கதாநாயகனும் இதே கேள்வியில்தான் அகப்பட்டுக்கொண்டு பல வருஷங்கள் தவிக்கிறான். நாவலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஆகாயத்துக்கு வயது உண்டா என்ற கேள்வியைக் கேட்டு ஒரு மனிதர் ஏன் நடுங்க வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆரம்பம் இல்லாததை நாம் அநாதி என்கிறோம். பிரபஞ்சம் அநாதியானது என்பது அரிஸ்டாட்டிலின் கட்சி. கிரேக்க நூல்கள் பாக்தாத் நகரில் அரபு மொழிக்கு வந்தபோது இந்தக் கட்சியும் கூடவே வந்தது. எதிர்க்கட்சியும் வந்தது. 529-ல் அலெக்ஸாந்திரியாவில் யோவான் பிலோபோனஸ் என்ற கிறிஸ்தவர், உலகம் அநாதியல்ல என்று ஒரு பெரிய மறுப்பு நூல் எழுதியிருந்தார். அரபுத் தத்துவத்தின் முதல்வர் என்று சொல்லப்படும் அல் கிந்தி, ஒன்பதாம் நூற்றாண்டில், உலகத்துக்கு ஆரம்பம் உண்டு என்ற கட்சியில்தான் நின்றார். அவருக்குப் பின் வந்த அல் பாராபியும் இப்னு சீனாவும் மறுபக்கம் போனார்கள்.

இப்னு சீனா சொன்னது சற்று நுட்பமானது. உலகம் கடவுளால்தான் இருக்கிறது, ஆனால் கடவுள் இருந்து உலகம் இல்லாத ஒரு காலம் இருந்ததில்லை என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணம், கையும் சாவியும். நான் கையைத் திருப்புகிறேன், சாவி திரும்புகிறது. கை காரணம், சாவி காரியம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கை முதலில் திரும்பி, பிறகு ஒரு நிமிஷம் கழித்துச் சாவி திரும்பியதா? இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில்தான். முந்தியிருப்பது என்றால் காலத்தால் முந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. அழகான உதாரணம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த அழகில் மயங்காதவர் இமாம் கஸ்ஸாலி. நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் நன்றாகத் தெரிந்த பெயர்தான். 1058-ல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்தவர். 1091-ல், முப்பத்துமூன்று வயதில், பாக்தாத் நிஜாமிய்யா கலாசாலைக்குப் பேராசிரியராக வந்தார். 1095 ஜனவரியில் 'தத்துவவாதிகளின் தடுமாற்றம்' என்ற நூலை முடித்தார். அதில் இருபது விவாதங்கள். முதல் விவாதமே உலகம் அநாதியா என்பதுதான். இருபதிலும் நீளமானதும் அதுதான். புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்கிறார். பதினேழு விஷயங்களில் தத்துவவாதிகள் சொன்னது தவறு, வழி விலகல். ஆனால் மூன்று விஷயங்களில் அவர்கள் மதத்தையே விட்டு வெளியே போய்விட்டார்கள் என்றார். உலகம் அநாதி என்பது அந்த மூன்றில் ஒன்று. அந்த நாட்களில் அப்படிச் சொன்னால் அதற்கு மரண தண்டனை என்று அர்த்தம். மராக்கேஷ் அறையில் இப்னு ருஷ்துக்கு ஏன் வாய் உலர்ந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

எனக்கு அரபு தெரியாது. கஸ்ஸாலியையும் அவருக்குப் பதில் எழுதிய இப்னு ருஷ்தையும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகளின் தயவில்தான் படித்தேன். தீர்ப்பைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்ததால், மதவெறி பிடித்த ஒருவருடைய வசை நூலை எதிர்பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன். ஏமாந்தேன். எதிராளியின் வாதத்தை எதிராளியே சொல்லியிருக்க முடியாத அளவு தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார் மனிதர். தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள் என்று விளக்குவதற்காகவே தனியாக ஒரு நூலும் எழுதினார். அது லத்தீனுக்குப் போய், ஐரோப்பாவில் வெகு காலம் கஸ்ஸாலியையே ஒரு தத்துவவாதி என்று எண்ணி வந்தார்களாம். எதிர்க்கட்சியை இவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் விமரிசகர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். யோசித்துவிட்டு மறந்துவிடுவது நல்லது.

தத்துவவாதிகளின் பலமான கேள்வி இது: உலகம் ஒரு கணத்தில் உண்டாயிற்று என்றால், ஏன் அந்தக் கணத்தில்? அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள கணங்களெல்லாம் ஒரே மாதிரி வெறுமையானவை. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாதவற்றில் ஒன்றைப் பொறுக்குவது எப்படி? கஸ்ஸாலி பதிலுக்கு இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்து வைக்கிறார். பசியாக இருக்கிற ஒரு மனிதன் முன்னால் இரண்டு பழங்கள். நிறம், அளவு, தூரம் எல்லாம் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அவனால் முடியாது. அவன் என்ன செய்வான்? வித்தியாசம் தெரியும் வரை பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுத்துக்கொள்வான். வித்தியாசம் இல்லாத இடத்தில் வித்தியாசம் செய்வதற்குத்தான் சங்கல்பம் என்று பெயர் என்கிறார்.

இதைப் படித்த அன்று நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது தினசரி அநுபவம். ஒரு குடும்பத்தின் கதையை எந்த நாளிலிருந்து ஆரம்பிப்பது? கல்யாணத்தன்றிலிருந்தா, அதற்கு முந்தின மழைக்காலத்திலிருந்தா? எதிலிருந்து ஆரம்பித்தாலும் கதை நடக்கும். ஆனாலும் ஒரு நாளை எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகுதான் அந்த நாளுக்கு ஒரு முகம் வருகிறது. விமரிசகர்கள் அதற்குக் காரணம் கண்டுபிடித்து எழுதுவார்கள். எழுதினவனுக்குத் தெரியும், அது பேரீச்சம்பழம் என்று.

எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1180-ஐ ஒட்டி, 'தடுமாற்றத்தின் தடுமாற்றம்' என்று பெயர் வைத்து வரிக்கு வரி பதில் எழுதினார் இப்னு ருஷ்து. அரண்மனையில் வாய் அடைத்துப்போனவருக்கு இப்போது ஒரு தடையும் இல்லை. பேரீச்சம்பழ உதாரணத்துக்கு அவர் சொல்லும் பதில் மிகவும் நறுக்கானது. பசித்தவன் ஒரு பழத்தைவிட இன்னொரு பழத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சாப்பிடாமல் இருப்பதைவிடச் சாப்பிடுவதைத் தேர்ந்தெடுத்தான், அவ்வளவுதான். எந்தப் பழம் கைக்கு வந்தது என்பது ஒரு பொருட்டே அல்ல என்கிறார். தர்க்கத்தில் ஜெயம் அவருக்குத்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவன் கையில் இருப்பது ஒரு பழம், தட்டில் இருப்பது இன்னொரு பழம். அதை இப்னு ருஷ்து ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னோர் இடம். உலகம் அநாதி என்றால் கிரகங்கள் சுற்றிய சுற்றுக்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் சூரியன் ஒரு வருஷத்தில் சுற்றுவதைச் சனி முப்பது வருஷத்தில் சுற்றுகிறது. ஆகவே சனியின் சுற்றுக்கள் சூரியனுடையதில் பத்தில் ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு என்று கஸ்ஸாலி கணக்குப் பார்க்கிறார். முடிவில்லாத ஒன்றில் முப்பதில் ஒரு பங்கும் முடிவில்லாததாக இருப்பது எப்படி? அந்தச் சுற்றுக்கள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்றும் கேட்டு மடக்குகிறார். ஒற்றையும் இரட்டையும் ஆரம்பமும் முடிவும் உள்ளவற்றுக்குத்தான், கழிந்துபோன சுற்றுக்கள் ஒரு மொத்தமாக எங்கும் குவிந்து கிடக்கவில்லை என்று இப்னு ருஷ்து பதில் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், முடிவில்லாத ஒன்று தன் பங்குக்கே சமமாக இருக்க முடியும் என்று காட்டிவிட்டார். அதனால் கஸ்ஸாலியின் இந்த அஸ்திரம் முனை மழுங்கிப்போயிற்று.

விஞ்ஞானம்தான் முடிவு சொல்லிவிட்டதே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1931-ல் லெமேத்ர் என்ற பெல்ஜியம் தேசத்துப் பாதிரியார் ஆதி அணு என்ற கருத்தை வெளியிட்டார். 1965-ல் ஆகாயம் முழுவதும் பரவியிருக்கும் பழைய வெப்பத்தின் மிச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்கு 1,380 கோடி வருஷம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு, நெருக்கமாகவும் சூடாகவும் இருந்த ஒரு நிலையிலிருந்து எண்ணியது. அதற்கு முன் ஏதாவது இருந்ததா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஏகோபித்த அபிப்பிராயம் இல்லை. கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும் சண்டை போட்ட இடம் அந்தக் கணக்குக்கு அப்பால் இருக்கிறது.

இனி நாவலுக்கு வருகிறேன். பெயர் 'ஹய் இப்னு யக்ஸான்'. விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன் என்று பொருள். இந்தப் பெயரை இப்னு துபைல் இப்னு சீனாவிடமிருந்து கடன் வாங்கினார், கதை அவருடையது. 1671-ல் ஆக்ஸ்போர்டில் லத்தீன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1708-ல் ஸைமன் ஆக்லி அரபிலிருந்து நேராக இங்கிலீஷில் கொண்டுவந்தார். மொழிபெயர்த்ததோடு நிற்காமல், கடைசியில் ஓர் அநுபந்தம் சேர்த்து ஆசிரியரோடு சண்டையும் போட்டிருக்கிறார். பதினொரு வருஷம் கழித்து 'ராபின்ஸன் குரூஸோ' வந்தது. இதைப் பார்த்து அது எழுதப்பட்டதா என்று பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. குரூஸோ தீவில் கரையேறும்போது அவன் முழு மனிதன். கப்பலிலிருந்து சாமான் வேறு எடுத்து வருகிறான். ஹய் அந்தத் தீவில் குழந்தை. அவனுக்குப் பாஷையே கிடையாது.

பூமத்திய ரேகையை ஒட்டிய இந்தியத் தீவுகளில் ஒன்று என்கிறார் ஆசிரியர். நமக்குப் பக்கத்துக் கடல்தான். அங்கே குஞ்சை இழந்த ஒரு பெண்மான் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது. அவனுக்கு ஏழு வயதாகும்போது மான் செத்துப்போகிறது. எது அதைவிட்டுப் போயிற்று என்று தேடி, கூரான கல்லாலும் மூங்கில் சிம்பாலும் அதன் மார்பைப் பிளக்கிறான். இதயத்தைக் கண்டுபிடிக்கிறான். அதில் ஓர் அறை காலியாக இருக்கிறது. இங்கே குடியிருந்தது போய்விட்டது, தான் அம்மா என்று நினைத்தது இந்த உடலை அல்ல என்று அவனுக்குத் தெரிகிறது. எழுதியவர் வைத்தியர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. உலக இலக்கியத்தில் மிக நல்ல துக்கக் காட்சிகளில் இது ஒன்று என்பது என் அபிப்பிராயம். துக்கம் என்ற வார்த்தையே அதில் முக்கியமில்லை. கையும் கல்லும்தான் முக்கியம்.

பிறகு நெருப்பைக் கண்டுபிடிக்கிறான், உடை செய்கிறான், மிருகங்களை ஆராய்கிறான். இருபத்தெட்டு வயதுக்கு ஆகாயத்துக்கு வருகிறான். இத்தனையும் ஒரு காலத்தில் புதிதாக உண்டாயிற்றா, என்றைக்கும் இருந்ததா? பாக்தாத்தில் பண்டிதர்கள் சொன்ன வாதங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் மனசிலும் எழுகின்றன. அநாதி என்று நினைத்தால் முடிவில்லாமை வந்து இடிக்கிறது. ஆரம்பம் உண்டு என்று நினைத்தால், அதற்கு முன்னால் என்ற வார்த்தையிலேயே காலம் ஒளிந்திருக்கிறது. காலமோ உலகத்தில் ஒரு பகுதி. ஏன் முன்பே உண்டாகவில்லை என்ற கேள்வி வேறு. பல வருஷங்கள் யோசிக்கிறான். தராசு எந்தப் பக்கமும் சாய்வதில்லை. கடைசியில், சரி, இரண்டில் எது உண்மையானாலும் அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்று பார்க்கிறான். ஆரம்பம் உண்டென்றால், உண்டாக்கியவன் ஒருவன் வேண்டும். அவன் உடல் அல்லாதவன். அநாதி என்றால், முடிவில்லாத இயக்கத்துக்கு முடிவில்லாத சக்தி வேண்டும். அது உடலில் அடங்காது. அப்போதும் உடல் அல்லாத ஒருவனே வேண்டும். இரண்டு வழியும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன. ஹய்யின் மனசு அமைதி அடைகிறது. முப்பத்தைந்து வயதுக்குள் இவ்வளவும் ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் ஓர் உதாரணம் தருகிறார். ஒரு பொருளைக் கைக்குள் மூடிக்கொண்டு கையை அசைத்தால் பொருளும் கூடவே அசைகிறது, பின்னால் அல்ல என்கிறார். இப்னு சீனாவின் கைதான். சாவியை வைத்துவிட்டு வந்திருக்கிறது. கஸ்ஸாலியின் நூலிலும் இந்தக் கை உண்டு. அங்கே மோதிரம் போட்டுக்கொண்டிருந்தது, தண்ணீருக்குள்ளும் அசைந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே கை மூன்று புஸ்தகங்களில் அசைந்துகொண்டிருக்கிறது.

இரண்டும் ஒன்றுதான் என்ற இந்த முடிவைப் பெரிய ஞானம் என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். இப்னு ருஷ்துகூட, மதத்துக்கும் தத்துவத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய ஒரு சிறு நூலில், இந்தச் சண்டை பெரும்பாலும் பெயர் வைப்பதில் வந்த சண்டைதான் என்று சமாதானம் சொன்னார். புத்தியால் இதைத் தீர்க்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்க்க முடியாது என்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குக் கஸ்ஸாலியைக் கூப்பிட வேண்டியதில்லை. இப்னு துபைலின் கதையே சாட்சி சொல்கிறது.

கதையின் ஆரம்பத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஹய் தீவுக்கு வந்தது எப்படி? ஆசிரியர் இரண்டு கதைகள் சொல்கிறார். ஒரு சாரார் சொல்வது: அந்தத் தீவில் தட்பவெப்பம் சமமாக இருந்ததால், ஒரு பள்ளத்தில் களிமண் வருஷக்கணக்காகப் புளித்து, பொங்கி, அதன் நடுவில் ஒரு குமிழி உண்டாகி, அதில் உயிர் வந்து சேர்ந்தது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இன்னொரு சாரார் சொல்வது: பக்கத்துத் தீவில் கர்வம் பிடித்த ஓர் அரசன் இருந்தான். தன் தங்கைக்குச் சமமான மாப்பிள்ளை உலகத்திலேயே இல்லை என்று அவளுக்குக் கல்யாணம் செய்யாமல் வைத்திருந்தான். அவள் உறவினன் ஒருவனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டாள். குழந்தை பிறந்தது. விஷயம் வெளியானால் ஆபத்து என்று, குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, ஒரு பெட்டியில் வைத்து மூடி, இரவில் கடற்கரைக்கு எடுத்துப்போய் அலையில் விட்டாள். அலை அதைத் தீவில் ஒதுக்கியது. பெட்டியின் ஆணிகள் தளர்ந்தன. அழுகுரல் கேட்டு மான் வந்தது.

இரண்டையும் சொல்லிவிட்டு, மான் வந்ததிலிருந்து இரண்டு கதைக்கும் வித்தியாசமில்லை என்று மேலே போய்விடுகிறார் ஆசிரியர். முதல் தடவை படித்தபோது, பழைய நாள் ஆசிரியர்களின் வழக்கம் என்று நானும் மேலே போய்விட்டேன். இரண்டாம் தடவைதான் திடுக்கிட்டது. ஆகாயத்தைப் பற்றி ஹய் பின்னால் கேட்கப்போகும் கேள்வியை, ஹய்யின் பிறப்பைப் பற்றி ஆசிரியர் முன்னாலேயே நம்மிடம் வைத்துவிட்டார்! தானாகப் புளித்துப் பொங்கிய களிமண் ஒரு பக்கம். ஓர் இரவில் ஒருத்தி தீர்மானித்துச் செய்த காரியம் மறுபக்கம். எதுவானாலும் மேற்கொண்டு கதை ஒன்றுதான் என்ற அதே பதில். அவர் நினைத்துச் செய்தாரா, தானாக அமைந்ததா என்று நான் சொல்ல முடியாது. களிமண்ணா பெட்டியா என்பது போலத்தான்.

ஆனால் மேற்கொண்டு கதை ஒன்றுதானா? கஸ்ஸாலியின் மூன்றாவது விவாதத்தில் ஓர் இடம் இருக்கிறது. செய்கிறவன் என்ற வார்த்தையைத் தத்துவவாதிகள் வெறுமனே சொல்கிறார்கள், சங்கல்பம் இல்லாத இடத்தில் செய்கை இல்லை என்கிறார். ஒருவன் இன்னொருவனை நெருப்பில் தள்ளி, அவன் செத்துப்போனால், கொன்றவன் யார்? தள்ளினவன்தான். நெருப்பை யாரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. சூரியனிலிருந்து வெளிச்சம் வருவதுபோல உலகம் கடவுளிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்றால், அவர் உலகத்தைச் செய்தார் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது அவர் வாதம். இந்த அளவுகோலை ஹய்யின் கதைக்கு வைத்துப் பாருங்கள். களிமண் ஹய்யை எதுவும் செய்யவில்லை. இளவரசி செய்தாள். களிமண்ணுக்கு அவன் போன பிறகு ஒன்றும் குறையவில்லை. இன்னொரு தீவில் ஒருத்திக்கு மடி காலியாயிற்று. மானின் இதயத்தில் காலி அறையைத் தேடிக் கண்டுபிடித்த ஆசிரியர், இந்தக் காலி மடியை மறந்துவிட்டார். ஹய் ஐம்பது வயதில் அப்ஸால் என்ற துறவியைச் சந்தித்து, பாஷை கற்றுக்கொண்டு, மனிதர் வாழும் தீவு ஒன்றுக்கும் போய் வருகிறான். அங்கேயும் தாயின் பேச்சு எழவில்லை. அந்த மனிதர்களுக்குத் தன் ஞானம் வேண்டியதில்லை என்று கண்டுகொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறான். நாவலின் பிற்பகுதி அதனால் எனக்குச் சற்று வறண்டுதான் தோன்றுகிறது.

பெயரை வேறு பாருங்கள். ஹய் இப்னு யக்ஸான். யக்ஸான் யார்? இளவரசி ரகசியமாக மணந்துகொண்ட அந்த உறவினனுக்குத்தான் யக்ஸான் என்று பெயர். களிமண்ணில் பிறந்தவனானால் அவனுக்கு 'இப்னு' ஏது? யக்ஸான் என்பதை உறங்காத பரம்பொருளுக்கு உருவகமாகக் கொள்கிறவர்கள் உண்டு, கொள்ளட்டும். இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பதாகச் சொன்னவர், புஸ்தகத்துக்குத் தலைப்பு எழுதும்போது ஒரு கட்சியின் பெயரைத்தான் எழுதினார்.

அவர் ஏன் நடுவில் நின்றார் என்பது மராக்கேஷ் அறையை நினைத்தால் எனக்குப் புரிகிறாற்போல் இருக்கிறது. ஹய் இருந்த தீவில் அவனைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. பல வருஷங்கள் தீர்மானம் செய்யாமல் இருக்க அவனுக்கு வசதி இருந்தது. அரண்மனையில் அந்த வசதி இல்லை. அன்றைக்கு அரசர் அன்பாக இருந்தார். 1195-ல் அவருடைய மகன் காலத்தில் இப்னு ருஷ்தை லூஸெனா என்ற ஊருக்குக் கடத்தி, தத்துவ நூல்களைக் கொளுத்தினார்கள். கஸ்ஸாலியும் தப்பவில்லை, அவருடைய பெரிய நூலையே அல்மொஹாதுகளுக்கு முந்தின வம்சத்தார் 1109-ல் கார்டோவாவில் கொளுத்தியிருந்தார்கள். பிறகு மன்னிப்புக் கிடைத்து மராக்கேஷுக்குத் திரும்பிய இப்னு ருஷ்து 1198 டிசம்பரில் இறந்தார். அவர் உடலைப் பின்னால் கார்டோவாவுக்குக் கொண்டுபோனபோது, மிருகத்தின் ஒரு பக்கம் சவப்பெட்டியும், மறுபக்கம் பாரம் சரியாக இருக்க அவர் எழுதிய புஸ்தகங்களும் தொங்கியதைத் தாம் பார்த்ததாக இப்னு அரபி எழுதியிருக்கிறார். இப்னு துபைல் அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே, 1185-ல், மராக்கேஷில் காலமாகிவிட்டார். யாரும் அவர் நூலைக் கொளுத்தியதாகத் தெரியவில்லை.

இளவரசி பெட்டியை அலையில் விடுவதற்கு முன்னால் ஒரு பிரார்த்தனை செய்கிறாள். சின்னப் பிரார்த்தனைதான், அவசரத்தில் வாசகன் தாண்டிப்போய்விடக் கூடியது. இந்தக் குழந்தை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லாமல் இருந்தது, நீதான் இதை உண்டாக்கினாய், வயிற்றின் இருட்டில் இதற்குச் சோறு போட்டாய், இனிமேலும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற அர்த்தத்தில் சொல்கிறாள். இல்லாதிருந்தது, பிறகு உண்டாயிற்று. மகன் பல வருஷம் யோசித்தும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத விஷயத்தை, அவள் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள். பெட்டிக்குள் இருந்த குழந்தைக்கு அது கேட்டிருக்கும். பாஷைதான் தெரியாது.